யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள்

"மிஸி, இது யாரு கொடுத்தது?"

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து என் எதிரில் வந்து உட்காரும் பெண்களில் பலர் முதல் அரைமணி நேரத்துக்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் உடலுறவு மூலம் தொற்றும் எச்.பி.வி. என்ற கிருமியால் வருவது, அதனால்தான் இந்தக் கேள்வி. பிழைப்பேனா, முடி கொட்டுமா, பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். சிலர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். நானாகவே அந்தப் பேச்சை எடுக்கும்வரை கண் என்னைப் பார்க்காது.

நான் லாபிஸ்காரி, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து ஊர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், அம்மா வெளிக்காட்டு வேலை. லயத்து வீட்டில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, தாதிப் பயிற்சிக்குப் போய் (தாதியைத்தான் இங்கே மிஸி என்பார்கள்), பல வருஷம் வார்டில் நின்ற பிறகு புற்றுநோய் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலைக்கு வந்தேன். இப்போது வேலை ஓய்வு பெற்றாலும் வாரம் இரண்டு நாள் அதையேதான் செய்கிறேன். என்னிடம் வருபவர்கள் லாபிஸ், சா'ஆ, பெக்கோக், சிகாமாட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறிய குடும்பங்களிலிருந்தும் வருபவர்கள். கீழே எழுதியிருப்பதில் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்ன சொற்களை மட்டும் மாற்றவில்லை.

இப்படித் தொற்றும் நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே முதலில் காலைத் தட்டிவிடுகின்றன. தமிழில் 'பால்வினை நோய்' என்று எழுதுகிறோம். உடலுறவால் தொற்றுவது என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள், தப்பில்லை. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த ஓர் அம்மாவின் காதில் அதிலுள்ள 'வினை' மட்டும்தான் விழுகிறது. முன்வினை, தீவினை, செய்த வினை. பேச்சுவழக்கில் இருக்கும் சொல் அதைவிட மோசம், 'பொம்பளை சீக்கு' என்கிறோம். ஆண் வெளியில் போய் வாங்கிக்கொண்டு வரும் நோய்க்கும் பொம்பளையின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். டாக்டர் மலாயில் 'ஜங்கித்தான் கெலாமின்' (பால்வினைத் தொற்று) என்பார், கூட வந்த பெரிய மகள் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுப் பெண், தன் அம்மாவிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்லும்? பாதியை விழுங்கிவிடும். விழுங்கிய பாதியை அம்மா தானாகவே இட்டு நிரப்பிக்கொள்வாள், உண்மையைவிடப் பத்து மடங்கு கெட்டதாக.

இதில் நான் செய்த தப்பு ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலைக்கு வந்த புதிது. மருந்தடிக்கும் வேலை பார்த்த ஓர் அக்கா, நாற்பத்து நான்கு வயது. மாமியாரும் கூட வந்திருந்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி முறை ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது, பயிற்சியில் அதை எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். முதல் படியே இடம் பார்ப்பதுதான்: தனியாக உட்கார வைக்க வேண்டும், கூட யார் இருக்கலாம் என்று நோயாளியைக் கேட்க வேண்டும். இரண்டாவது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரிப்பது. மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. எல்லாம் மனப்பாடம். அன்றைக்கு வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள், நான் மூன்றையும் தாண்டிப் போய், தெளிவாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இது எச்.பி.வி.ன்னு ஒரு கிருமியால வருது, அது உடலுறவு மூலமா தொத்துறது" என்று மாமியார் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மாமியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மருமகள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஓர் அடி இருக்கும். நாற்காலிக்கால் தரையில் இழுபட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்த அக்கா அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஏழு மாதம் கழித்து இரத்தம் நிற்காமல் போய் அவசரப் பிரிவில் கொண்டுவந்து போட்டார்கள், அப்போது நோய் சிறுநீர்ப்பை வரைக்கும் போயிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. முதல் தடவை வந்தபோது கதிர்வீச்சால் குணப்படுத்தக் கூடிய கட்டத்தில்தான் இருந்தார். நான் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. ஆனால் அந்த உண்மையை யார் முன்னால், எந்த வரிசையில், எதை விட்டுவிட்டுச் சொன்னேன் என்பதுதான் அவரை வீட்டுக்குள் பூட்டி வைத்தது. அதற்குப் பிறகுதான் நான் இந்த வேலையை உண்மையில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

இப்போதெல்லாம் முதலில் கூட வந்தவர்களை எழுப்பி அனுப்பிவிடுவேன். "நீங்க கேன்டீன்ல ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்கம்மா, நான் அக்காகிட்ட கொஞ்சம் பேசணும்." மாமியார், கணவர், மகன், யாராக இருந்தாலும் சரி. கதவைச் சாத்திய பிறகு, டாக்டர் என்ன சொன்னார் என்று நோயாளியையே சொல்லச் சொல்வேன். அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் திருத்த மாட்டேன். பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவருடைய பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சாவைப் பற்றித்தான் பயப்படுவார் என்று நாம் நினைத்திருப்போம், அவரோ தோட்டத்து ஆட்கள் என்ன பேசுவார்கள் என்பதை நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பார்.

அப்புறம்தான் கிருமியைப் பற்றிப் பேச்சு. அதில் முதலில் சொல்வது, அது எவ்வளவு சாதாரணமானது என்பதை. தாம்பத்திய வாழ்க்கை உள்ள ஆண் பெண் யாராக இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி தொற்றியிருக்கும். ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரலாம். தோலோடு தோல் படுவதால் தொற்றுவது என்பதால் ஆணுறைகூட முழுப் பாதுகாப்பு கிடையாது. தொற்றிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. இருநூறுக்கும் மேல் வகை இருக்கிறது. அதில் சில வகைதான் ஆபத்து. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். அவை சிலருடைய உடம்பில் போகாமல் தங்கிவிடும். தங்கியது புற்றாக மாற பெரும்பாலும் பதினைந்து இருபது வருஷம் எடுக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம்.

அந்தப் 'பதினைந்து இருபது வருஷம்' என்ற இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அது உள்ளே இறங்க நேரம் வேண்டும்.

தோட்டத்துப் பெண்களுக்கு நான் சொல்லும் உதாரணம் லாலாங் என்ற களைப்புல். பால்மரத்துக்கு இடையில், செம்பனைக்கு இடையில் லாலாங் முளைப்பதை நம்மைவிடப் பார்த்தவர்கள் யார் இருக்கிறார்கள். மேலே வெட்டிவிடலாம், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். அது எத்தனை நாளாகக் கிடந்தது என்று தெரியாது. விதை பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றில் வந்ததா, முன்னாடியே நம் நிலத்தில் இருந்ததா என்றும் தெரியாது. இன்றைக்கு முளைத்த லாலாங்கைக் காட்டி, நேற்று இந்த வழியாகப் போனவன்தான் போட்டான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கூடச் சொல்ல மாட்டார். இதைச் சொன்னதும் ஓர் அம்மா, "அப்ப எந்தக் காத்துன்னு கேக்குறதே வீண்தானே மிஸி" என்றார். அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கத்தான் அவ்வளவு நேரம் பேசினேன்.

இது ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள், என்னோடு வேலை செய்தவர்களே நினைத்தார்கள். மருத்துவமே அப்படித்தான் சொல்கிறது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க நோயாளிக்குச் செய்யக்கூடிய பரிசோதனை எதுவும் இல்லை. கணவரைக் கூட்டிவந்து இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லும் பெண்கள் உண்டு. ஆணுக்கு இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வழக்கமான பரிசோதனையே கிடையாது, பெரும்பாலான ஆண்களுக்கு அறிகுறியும் இருக்காது.

ஒரு தடவை ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் மகனோடு வந்தார். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். நல்ல மகன், பாவம், ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கீழே பார்த்துக்கொண்டே கேட்டான்: "அப்பா போயி பன்னெண்டு வருஷமாச்சு மிஸி. அப்ப இது எப்படி?" அந்தக் கேள்விக்குப் பின்னால் அவன் தன் அம்மாவை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஒரு தாளை எடுத்து வருஷங்களை எழுதிக் கழித்துக் காட்டினேன். இன்றைய தேதியிலிருந்து இருபது வருஷம் பின்னால் போனால் அவனுக்குப் பத்து வயது, அப்பா லோரியில் பழக்குலை ஏற்றிக்கொண்டிருக்கிறார், அம்மா அவனுக்குச் சோறு கட்டிக்கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குள் இப்படி ஒரு கேள்வி இருந்தது என்பது அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

சரி, எல்லாக் கணவர்களும் உத்தமர்கள் என்று நான் சொல்கிறேனா? இல்லை. அந்தச் சான்றிதழை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. "உங்க வீட்டுக்காரர் தப்பே பண்ணியிருக்க மாட்டாரு" என்று வாய்க்கு வந்தபடி சமாதானம் சொல்லும் தாதிகளைப் பார்த்திருக்கிறேன். அது எங்களுக்குத் தெரியாத விஷயம், தெரியாததைச் சொல்லக்கூடாது. ஓர் அக்கா என்னிடம் நேராகவே சொன்னார்: "எம் புருஷன பத்தி எனக்குத் தெரியும் மிஸி, நீங்க மூடி மறைக்க வேணாம்." நான் சொன்னேன், "அக்கா, அவர் மேல உங்களுக்கு இருக்கிற கோவம் உங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துக்காக. அது உங்க நியாயம். அதுக்கு இந்தக் கிருமியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க, இது சாட்சி சொல்லாது. இப்ப உங்க உடம்பைப் பார்ப்போம்." அவர் சிகிச்சை முடிந்த பிறகு கணவரை விட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த முடிவையும் நான் மதிக்கிறேன்.

அதேபோல, கல்யாணத்துக்கு முன்னால் ஒருவரோடு பழகியிருந்தவர், இரண்டாவது கல்யாணம் செய்தவர், இவர்களும் வருவார்கள். அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வேறு விதம், இது தண்டனை என்றே நம்பிவிடுவார்கள். வைரஸுக்கு நல்லவள் கெட்டவள் தெரியாது என்று அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வெட்கத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1842இல் இத்தாலியில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னியாஸ்திரிகளுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபூர்வம் என்று கணக்குப் பார்த்து எழுதினார். அங்கிருந்து, இது ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வருவது என்ற பேச்சு வளர்ந்தது. ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசன் 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த வருஷம் 18ஆம் வகையையும் புற்றுத் திசுவில் கண்டுபிடித்த பிறகுதான் குற்றவாளி ஒரு கிருமி என்று உறுதியானது. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த 18ஆம் வகை, ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் செல்களிலும் இருந்தது. அவர் சிறுவயதிலிருந்து புகையிலைக் காட்டில் வேலை செய்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய், 1951இல் முப்பத்தொரு வயதில் இந்த நோயால்தான் இறந்தார். அவருடைய செல்களை அவரைக் கேட்காமலேயே எடுத்து உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்த்தார்கள். அவர் கதையை நான் சில பெண்களுக்குச் சொல்வதுண்டு. காட்டு வேலை செய்த ஒரு பெண் என்றதும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். "அந்தப் பிள்ளைங்களை யாரு வளர்த்தா?" என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி.

கணவர்களை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள், வார்டுக்குள் வரச் சங்கடம். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஓர் அண்ணன், மனைவி உள்ளே இருக்கும்போதெல்லாம் கார் நிறுத்தும் இடத்தில் மோட்டார்சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பார். பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார். மதியம் சாப்பிடப் போகும்போது நானே போய்ப் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான்தான் கொடுத்தேனா மிஸி? சொல்லிடுங்க" என்றார். கல்யாணத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போயிருந்தபோது நடந்த எதையோ முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர் அவர். அவரிடமும் அதே லாலாங், அதே வருஷக் கணக்கு. தெரியாது அண்ணே, யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் இன்றைக்கு மருந்து ஒன்றுதான். நீங்கள் சாப்பிடாமல் கிடந்தால் திங்கட்கிழமை அவங்களை யார் கூட்டிக்கொண்டு போவது? அவர் மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அது உங்கள் இரண்டு பேர் விஷயம், ஆனால் சிகிச்சை நடக்கும்போது உங்கள் மனப்பாரத்தை இறக்க அவங்க தோளைத் தேடாதீங்க என்றேன். இப்படிச் சொல்லலாமா என்று என் பாடப்புத்தகத்தில் இல்லை. அன்றைக்கு அதுதான் சரியென்று பட்டது, இன்றைக்கும் படுகிறது.

கிருமியின் பேரையே எடுக்காமல் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'கட்டி வந்திருக்கு, சிகிச்சை இருக்கு' என்று முடித்துக்கொள்ளலாமே, எதற்கு இந்தச் சங்கடம் என்று. நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாம் சொல்லாவிட்டால் கைப்பேசி சொல்லும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, தனியாக இருக்கும்போது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து வருஷக் கணக்குப் போட்டுக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் தெரியுமா. தட்டைத் தனியாக வைத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளையைத் தூக்க மாட்டார்கள். ஓர் அம்மா மூன்று வாரம் சமைக்காமல் இருந்தார், தன் கை பட்டால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது. எச்.பி.வி. கிருமியும் சோற்றுத் தட்டிலோ துணி துவைக்கும் தண்ணீரிலோ பரவுவதில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கோயில் விஷயமும் அப்படித்தான். "நான் பால்குடம் எடுக்கலாமா மிஸி, வேண்டுதல் இருக்கு, ஆனா இந்த நோயோட..." என்று ஒரு தங்கச்சி கேட்டு நிறுத்தினாள். நோயோட என்றால் என்னம்மா, சர்க்கரை நோயோட எடுக்கிறவங்க இல்லையா? சிகிச்சையில் உடம்பு தளர்ந்திருக்கும்போது வெயிலில் நடக்க வேண்டாம், அது உடம்புக்காக. முடிந்து தெம்பு வந்ததும் தாராளமாக எடு என்றேன்.

சிகிச்சையைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேயும் சொல்லப்படாமல் விடுவது நிறைய. ஆரம்ப நிலையில் என்றால் அறுவை சிகிச்சை. அதைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு, ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, சுமார் இருபத்தைந்து தடவை. கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்து ஏற்றுவார்கள். அதன் பிறகு உள்ளேயே கருவியை வைத்துக் கொடுக்கும் பிராக்கிதெரபி. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இடையில் இழுத்தால் பலன் குறையும். எங்கள் பக்கத்து ஆட்கள் இதற்கு ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குப் போவார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம், தினமும் போய்வர முடியாது. உறவுக்காரர் வீட்டில் தங்கி, வெள்ளி சாயங்காலம் வந்து திங்கள் விடியற்காலை திரும்பிப் போவார்கள். நாள் சம்பளம் போகும். அதனால் நான் நோயைப் பற்றிப் பேசும் அளவுக்கு வேனைப் பற்றியும் பேசுவேன், யார் வீட்டில் தங்குவது, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதையும் பேசுவேன். அது ஆலோசகர் வேலை இல்லையே என்பார்கள். எனக்கு அதுதான் வேலையில் பாதி.

சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்பு சுருங்கி இறுகிப்போகலாம். அதைத் தடுக்க டைலேட்டர் என்று வழவழப்பான குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கிறது, சொல்லிக்கொடுத்தபடி வாரத்தில் சில தடவை பயன்படுத்த வேண்டும். கணவரோடு சேர்வதற்காக மட்டும் இல்லை, பின்னாளில் டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்க்கவும் அது தேவை. இதை மலாய்த் தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் எங்கள் பெண்கள் அதை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துவிடுவார்கள், கருவியையும் சேர்த்து. தமிழில், நம் ஊர்ப் பேச்சில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னால் கேட்கிறார்கள். நான் சொல்லும்போது எனக்கும் முதலில் நாக்கு தடுமாறியது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். சொல்பவள் வெட்கப்பட்டால் கேட்பவள் இரண்டு மடங்கு வெட்கப்படுவாள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும்போது மனசுக்கு வலிப்பது ஒன்றுதான். இந்தப் பெண்களில் பலருக்கு நோய் வந்திருக்கவே தேவையில்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. காலை விரித்துப் படுக்க வேண்டும், உள்ளே ஆண் டாக்டர் இருந்தால் என்ன செய்வது, ஒரு நாள் சம்பளம் போகும், இந்த மூன்றும் போதும் தள்ளிப்போட. இப்போது எச்.பி.வி. பரிசோதனைக்குத் தாங்களாகவே பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றும் சேர்ந்து 2018 வாக்கில் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள், முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும். திரைக்குப் பின்னால் போய் இரண்டு நிமிஷம், யாரும் பார்க்க மாட்டார்கள். என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் அவர் அக்கா, தங்கச்சி, நாத்தனார் பேரையெல்லாம் கேட்டு, உங்கள் ஊர் கிளினிக்கில் இந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள் என்பேன்.

போன வருஷம் ஒரு தங்கச்சி வந்தாள், நாற்பத்தொரு வயது, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டுப் பக்கத்து லயத்தில் இருப்பவள். கணவர் கூட இருந்தார், நல்ல துணை. நோய் விவரமெல்லாம் பேசி முடித்து, மூன்றாவது சந்திப்பில் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மகள் இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம், படிவம் ஒன்று படிக்கிறாள், அங்கே ஊசி போட அப்பா அம்மா கையெழுத்துக் கேட்டுக் கொடுத்த போரம். 2010லிருந்து நம் நாட்டில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடும் ஊசி அது.

"இதுல எச்.பி.வி.ன்னு போட்டிருக்கு மிஸி. எனக்கு வந்ததும் அதுதானே?"

"அதுதான்மா."

"எம் பொண்ணுக்கு ஏன் இப்ப? அவ இன்னும் கொழந்த."

அதனால்தான் இப்போது என்றேன். கிருமி உடம்பைத் தொடுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். கல்யாணம், பழக்கம் எதுவும் வருவதற்கு ரொம்ப முன்னால். ஊசி போட்டதால் பிள்ளை கெட்டுப்போகாது, பிறகு பிள்ளை பெறுவதற்கும் தடை கிடையாது, இந்த இரண்டையும்தான் தோட்டத்தில் எல்லோரும் பயந்து கேட்பார்கள். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "இந்த ஊசிய எனக்கும் போட்டா இது போயிடுமா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்த கேள்வி அதுதான். போகாதும்மா. இது வராமல் தடுக்கிற ஊசி, வந்த பிறகு குணப்படுத்தாது. உனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது உலகத்தில் எங்கேயும் இந்த ஊசி கிடையாது. அவள் அழவில்லை. கணவர்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அவள் போரத்தைத் திருப்பி என்னிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொன்னாள். மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். 'கன்செர் பங்கால் ராஹிம்' என்ற இடத்தில் விரலை வைத்து, இதுதான் என் நோய் பேரா என்று கேட்டுக்கொண்டாள். மகளிடம் என்ன சொல்வது என்று மூன்று பேரும் யோசித்தோம். 'அம்மாவுக்கு வந்தது உனக்கு வராம இருக்கத்தான் இந்த ஊசி' என்று அவளே ஒரு வாக்கியம் செய்தாள். கிருமி எப்படித் தொற்றுகிறது என்பதை மகள் கேட்டால் சொல்வதாகவும், கேட்காவிட்டால் பதினைந்து வயதில் தானே சொல்வதாகவும் சொன்னாள். என் பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தாளை மடித்துப் பையில் வைத்த பிறகு, "திங்கக்கெழம வேன் எத்தன மணிக்கு மிஸி?" என்றாள்.

நாலு மணிக்கு, கோயில் வாசலில் வந்து நிற்கும், ஒரு போர்வை எடுத்துக்கொண்டு வா, வேனுக்குள் குளிரும் என்றேன்.